பதினோரு நாளில் ஒரு நாள்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. சந்திரமதி இதை என்னிடம் இரண்டு முறை சொன்னாள். முதல் முறை, ஜிர்கடாங் காட்டுக் கேட்டில் மழை பெய்துகொண்டிருந்தது என்றாள். இரண்டாம் முறை தூசு பறந்தது என்றாள். நடுநடுவே அவள் பேசாமல் இருந்த நேரங்களை நானாக எதையெதையோ போட்டு நிரப்பியிருக்கவும் கூடும். ஏழு என்ற எண் மட்டும் நிச்சயம்.

சந்திரமதி அந்தமானின் போர்ட் பிளேரில் ஒரு மனநல ஆலோசனை மையத்தில் வேலை பார்த்தாள். வருகிறவர்களிடம் ஒவ்வொரு வாரமும் கடைசியாக ஒரே கேள்வியைக் கேட்டு, பதிலை அவர்கள் கையோடு கொண்டுவரும் வருகை அட்டையில் குறிக்க வேண்டும். இனி நன்றாகும் என்ற நம்பிக்கை பத்துக்கு எவ்வளவு? நம்பிக்கை வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

வியாகுலம் ஏழு வாரமாகப் பூஜ்யம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து இளம் வயதில் வந்து போர்ட் பிளேரின் மின்னி பே பகுதியில் குடியேறிய மீனவர். முந்தைய ஆண்டு, அவரும் அவர் மனைவி சிசிலியாவின் தம்பி பீட்டரும் போன டிங்கிப் படகில் எஞ்சின் நின்றுபோனது. படகு பதினோரு நாள் கடலில் மிதந்தது. நான்காம் நாள் இரவு தொலைவில் ஏதோ ஒரு தீவின் விளக்குகள் தெரிந்தன. காலி டீசல் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நீந்திவிடலாம் என்றான் பீட்டர். "வேண்டாம்ல, விடிஞ்சா கப்பல் வரும்" என்று வியாகுலம் தடுத்துவிட்டார். விடிந்தபோது விளக்கு இருந்த திசையே தெரியவில்லை. அதன்பின் தினமும் காலையில் அதையே சொன்னார். ஒன்பதாம் நாள் சாயங்காலம் பீட்டர் இறந்தான். கப்பல் பதினோராம் நாள் வந்தது.

மூன்றாவது வாரத்தில் சந்திரமதி அவரிடம், "ஒரு நாள் இது மாறும்ணே, நம்புங்க" என்றாள்.

"இதே குரல்லதான் மேடம் நானும் அவன்கிட்ட சொன்னேன்" என்றார்.

அந்தப் பதிலை அவளால் எந்தக் கட்டத்திலும் குறிக்க முடியவில்லை. ஒவ்வொரு வாரமும் முடிவில் அவள் கேட்பாள், அவர் பூஜ்யம் என்பார், அவள் எழுதுவாள்.

எட்டாவது வாரம் காலை எட்டரைக்கே வந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை. முகச்சவரம் செய்திருந்தார். கேள்வியைக் கேட்டதும் யோசிக்காமல், "ஏழு" என்றார்.

"பத்துக்கா?"

"பின்ன, நூத்துக்கா?" என்று சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்ப்பது அதுவே முதல் முறை. எழுந்து நின்று, வருகை அட்டையை அவள் பக்கம் தள்ளினார். "இது இங்கயே இருக்கட்டும் மேடம். ஒங்களுக்கு ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டேன்."

மையத்தின் தலைமை அலுவலர் பாலசுப்பிரமணியம் அட்டையை வாங்கிப் பார்த்தார். "பூஜ்யத்துலேர்ந்து ஒரே தாவுல ஏழு! எதுத்தாப்ல கடைல சொல்லி சமோசா வாங்கிட்டு வரச் சொல்லுங்க, மேடம். இன்னைக்கு உங்க செலவு." அவள் வாங்கிக்கொடுத்தாள். அவளும் ஒன்று தின்றாள். பிற்பாடு எதை மன்னித்தாலும் அந்தச் சமோசாவை மட்டும் அவளால் மன்னிக்க முடியவில்லை.

பன்னிரண்டு மணிக்குச் சிசிலியாவின் போன் வந்தது.

"மேடம், இவுக அங்கனயா இருக்காவ?"

"ஒம்பது மணிக்கே கிளம்பிட்டாரேக்கா."

"வீட்டுக்கு வரலியே. நேத்து மாதா கோயிலுக்குப் போயி சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வந்தாவ. ஒரு வருசமா கோயில் பக்கமே போகாத மனுசன். ராத்திரி மெயின்லேண்டுக்கு எங்க மவன் டெர்வினுக்குப் போன் போட்டு, அம்மைய பாத்துக்கிடுலேன்னு சொல்லியிருக்காவ. பிள்ள இப்பத்தான் எனக்குச் சொல்லுதான். பக்கத்து வீட்டு பானு, பாராடாங் பஸ்ல ஏறினத பாத்தேன்னு சொல்லுதா. அங்க பீட்டர் பொண்டாட்டி சோனியா இருக்கா. அவ எங்ககூடப் பேச்சையே விட்டுட்டா. அங்க போயி இவுகளுக்கு என்ன வேல?"

சந்திரமதிக்குப் படித்ததெல்லாம் அப்போதுதான் வரிசையாக வந்து நின்றது. நீண்ட நாள் துவண்டு கிடந்தவர் திடீரென்று தெளிந்துவிட்டால் அது நலம் என்று மகிழ்ந்துவிடக் கூடாது. முடிவு எடுத்தாகிவிட்டது என்ற நிம்மதியாகவும் அது இருக்கலாம். தேர்வில் இதை எழுதி மதிப்பெண் வாங்கியிருந்தாள். காலையில் அது எங்கே போயிருந்தது? அவருக்கு நம்பிக்கை வர வேண்டும் என்று அவளுக்கு அவ்வளவு ஆசை. அந்த ஆசைதான் கண்ணை மறைத்திருந்தது.

சோனியா போனை எடுக்கவில்லை. பாராடாங் போலீஸுக்குத் தகவல் சொன்னாள். "தேக்தே ஹைன் மேடம், பார்க்கிறோம்" என்றார்கள். மையத்தின் ஜீப்பை எடுத்துக்கொண்டு, வழியில் சிசிலியாவை ஏற்றிக்கொண்டு புறப்பட்டாள். கோகுல் ஜீப்பை ஓட்டினான்.

ஜிர்கடாங் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. அதற்கப்பால் பழங்குடிகளின் காப்புக்காடு, அதைத் தாண்டி ஃபெர்ரி என்ற பெரிய படகில் கடற்கழியைக் கடந்தால் பாராடாங் தீவு. தனியாக எந்த வண்டியும் போகக் கூடாது. குறித்த நேரங்களில், போலீஸ் வண்டியின் பின்னால், எல்லாம் வரிசையாகக் கான்வாயாகத்தான் போக வேண்டும். அன்றைய கடைசிக் கான்வாய் மூன்று மணிக்கு.

கோகுல் இறங்கி ஓடினான். "பையா, எமர்ஜென்சி ஹை! ஒரு உசுரு விசயம்!"

கேட்டில் நின்ற போலீஸ்காரர் அவனைத் திட்டவில்லை. வேண்டுமானால் வரிசையில் முதல் ஆளாக நிறுத்திக்கொள் என்றார். மூன்று மணிக்கு முன் கேட் திறக்காது. திறக்கவும் கூடாது, அந்தக் காட்டில் இருப்பவர்களுக்காக. சந்திரமதிக்கும் அது தெரியும். தெரிந்ததால் பயம் குறைந்துவிடவில்லை.

அந்த ஒரு மணி நேரத்தைத்தான் அவள் இரண்டு முறையும் வேறுவேறாகச் சொன்னாள். மழையோ, தூசோ. டூரிஸ்டுகள் வடை தின்றார்கள். ஒரு குழந்தை அழுதது. கண்ணை மூடினால் பாராடாங் ஜெட்டிப் படகுத்துறையும் அதன்கீழ் கறுத்து ஓடும் கடற்கழித் தண்ணீரும் தெரிந்தன. அதன்முன் இஸ்திரி போட்ட ஒரு சட்டை நின்றது. அவர் போன பஸ் பன்னிரண்டு மணிக் கான்வாயில் கடந்திருக்கும். இந்நேரம் ஃபெர்ரியில் இருப்பார். இந்நேரம் இறங்கியிருப்பார். இந்நேரம். அதற்குமேல் அவளால் போக முடியவில்லை. மறுபடி பஸ்ஸிலிருந்து ஆரம்பித்தாள்.

பக்கத்தில் சிசிலியா ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். சட்டென்று நிறுத்தினாள்.

"மேடம், அவுக உசுரோட இருப்பாவள்ல?"

'ஒண்ணும் ஆகாதுக்கா.' நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. எத்தனையோ பேரிடம் எத்தனையோ முறை சொன்னது. விடிஞ்சா கப்பல் வரும் என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"தெரியலக்கா" என்றாள் கடைசியில்.

சிசிலியா அவளை வெறித்துப் பார்த்தாள். "தெரியலியா? இதச் சொல்லத்தான் ஒனக்குக் கவுருமெண்டு சம்பளம் குடுக்குதா?"

"எனக்கும் பயமா இருக்குக்கா. ஆனா கேட் திறந்ததும் போறோம். போய்ப் பார்க்கிற வரைக்கும் நான் உங்ககூடத்தான் இருப்பேன்."

சிசிலியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, திரும்பாமலேயே, சந்திரமதியின் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதியும்படி பிடித்தாள். கேட் திறந்தது. காட்டுக்குள் போனில் சிக்னல் கிடையாது, வண்டியை நிறுத்தவும் கூடாது. கரை வரும்வரை சிசிலியா அந்தப் பிடியை விடவில்லை.

அந்தமானில் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். ஃபெர்ரியில் ஜீப்பை ஏற்றி அக்கரையில் இறக்கும்போதே வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. ஜெட்டியில் சந்திரமதி முதலில் தண்ணீரைத்தான் பார்த்தாள். கூட்டம் எதுவும் இல்லை. ஒரு கடைக்காரர் மட்டும், "போலீஸும் வந்து கேட்டுட்டுப் போச்சு. அப்படி ஆள் யாரும் இந்தப் பக்கம் திரும்பி வரல" என்றார். அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

சோனியாவின் வீடு சாலையிலிருந்து உள்ளே தள்ளி, பாக்குமரங்களுக்கு நடுவே இருந்தது. ஜீப் போகாது. கடைசிக் கொஞ்ச தூரம் சிசிலியா ஓடினாள். சந்திரமதி பின்னால் நடந்தாள்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் சோனியா உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். எதிரே, தண்ணீர் டிரம்மில் முதுகைச் சாய்த்து, தரையில் வியாகுலம். இஸ்திரிச் சட்டை முழுக்க மண்.

"வாங்க மதினி" என்றாள் சோனியா, எழுந்திருக்காமல். "ஒங்க வீட்டுக்காரரு உசுரோடதான் இருக்காரு. நாந்தான் கொல்லலாம்னு பாத்தேன், கைக்கு ஒண்ணும் சிக்கல."

சிசிலியா போய்க் கணவரின் முதுகில் ரெண்டு அடி வைத்தாள். பிறகு அவர் தோளிலேயே முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

சோனியா சந்திரமதியைப் பார்த்துச் சொன்னாள்: "நீங்கதான் அந்த மேடமா? மத்தியானம் வந்தாரு. நாலாம் நாள் வெளக்கு தெரிஞ்ச கதைய ஒரே மூச்சுல சொன்னாரு. 'நாந்தான் தடுத்தேன், மன்னிச்சிரு தாயி'ன்னுட்டு எந்திரிச்சாரு. அவரு எந்திரிச்ச விதம் எனக்குப் பிடிக்கல. 'எங்க போறீய, உக்காருங்க'ன்னேன். எனக்கு நாலாம் நாள் மட்டும் பத்தாது. மொத நாள்லேர்ந்து வேணும். எங்க வீட்டுக்காரவுக என்ன தின்னாவ, என்ன பேசினாவ, எம்பேரச் சொன்னாவளா இல்லியா. அவுக போனதுக்கப்புறம் இவரு தனியா இருந்த ரெண்டு நாளும் வேணும். ஒரு வருசமா ஒருத்தரும் எனக்குச் சொல்லல. எல்லாரும் கும்புட்டுட்டு கும்புட்டுட்டுப் போறாவ." அவள் குரல் உயர்ந்து, இறங்கியது. "ஆனா ஒரு தடவைக்கு ஒரு நாளுக்கு மேல எனக்குத் தாங்காது. இன்னைக்கு மொத நாள் கேட்டாச்சு. மிச்சம் பத்து இருக்கு. மாசாமாசம் வந்து சொல்லணும்."

"மன்னிச்சிட்டியா தாயி?" என்றார் வியாகுலம் தரையைப் பார்த்து.

"அதப் பத்தி நான் பேசவே இல்லியேண்ணே."

சந்திரமதி அவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஏண்ணே ஏழுன்னு சொன்னீங்க?"

"பூஜ்யம்னு எழுதுறப்ப ஒவ்வொரு தடவையும் ஒங்க மொகம் வாடிப்போகும் மேடம்" என்றார். "கடைசியா ஒரு தடவ சந்தோசமா எழுதட்டுமேன்னு நெனச்சேன்."

சந்திரமதி எட்டு வாரத்தில் ஒரு முறைகூட நேராகக் கேட்காத கேள்வியை அப்போதுதான் கேட்டாள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயந்து தள்ளிப்போட்ட கேள்வி அது.

"செத்துப்போயிடணும்னு இருந்தீங்களா?"

"ஆமா." அவ்வளவு சுலபமாகச் சொன்னார். "இவகிட்ட சொல்லிட்டு ஜெட்டிக்குப் போறதா இருந்தேன்."

"இப்ப?"

அவர் சோனியாவைப் பார்த்தார். பிறகு பாக்குமரங்களைப் பார்த்தார்.

"இப்பவும் அந்த நெனப்பு இருக்கு மேடம். போயிருச்சுன்னு சொன்னா பொய்யி. ஆனா அடுத்த மாசம் இவளுக்கு ரெண்டாம் நாள் சொல்லணும். ரெண்டாம் நாள் நாங்க என்ன தின்னோம்னு ஞாபகம் வரமாட்டேங்குது. யோசிச்சுக்கிட்டே இருக்கேன்."

அவள் எண் எதுவும் கேட்கவில்லை. காலையில் அவரைப் பெரிய ஆஸ்பத்திரி மனநல மருத்துவரிடம் கூட்டிப்போவதாகவும், சிசிலியாவிடம் இனி எதையும் மறைக்கப்போவதில்லை என்றும், அவரும் இனி நடிக்கக் கூடாது என்றும் சொன்னாள். அவர் தலையாட்டினார். திரும்பிப் போகக் கான்வாய் இல்லாததால் கோகுலோடு நான்கு பேரும் அன்றிரவு சோனியாவின் வீட்டிலேயே தங்கினார்கள். சோனியா எல்லோருக்கும் கஞ்சி வைத்தாள், வியாகுலத்துக்குக் கடைசியாக ஊற்றினாள். இரவில் அவர் புரண்டு படுத்த ஒவ்வொரு முறையும் சந்திரமதி எழுந்து உட்கார்ந்து, அவர் மூச்சைக் கேட்டுவிட்டுப் படுத்தாள்.

அதன்பின் வியாகுலம் பத்து மாதங்களில் பத்து முறை பாராடாங் போய்வந்தார், ஒவ்வொரு முறையும் சிசிலியாவுடன். இப்போது மாத்திரை சாப்பிடுகிறார். கடலுக்குப் போவதில்லை, மின்னி பேயில் படகு எஞ்சின் பழுது பார்க்கிறார். பதினோராம் நாளையும் கேட்டு முடித்த பிறகு சோனியா அவரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவள் இப்போது ரங்கத் ஊரில் ஓர் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாள். கிறிஸ்துமஸுக்குச் சிசிலியாவுக்கு மட்டும் போன் செய்கிறாள். டெர்வின் திரும்பி வந்து பெற்றோருடன் இருக்கிறான். கோகுல் ஜீப்பை விட்டுவிட்டுச் சொந்தமாக ஆட்டோ ஓட்டுகிறான். பாலசுப்பிரமணியம் ஓய்வுபெற்று மெயின்லேண்டுக்குப் போய்விட்டார். சந்திரமதி டிக்லிபூருக்கு மாற்றலாகிப் போனாள். அங்கேயும் அதே வேலைதான் பார்க்கிறாள்.