ஓடத் தொடங்கி ஒன்பது விநாடி

காலை பத்தேகாலுக்கு அண்ணி போன் செய்தார். "நேத்து சாயங்காலத்துலேருந்து குழுவுல ஒரு மெயிலும் வரலையே. உன் மெஷின் படுத்துடுச்சா?"

அண்ணி சைகைமொழி பெயர்ப்பாளர். ஆஸ்பத்திரிக்கோ கோர்ட்டுக்கோ போகிற காது கேளாதவர்கள், துணைக்கு ஆள் வேண்டுமென்று ஒரு முகவரிக்கு எழுதுவார்கள். அது அறுபது மொழிபெயர்ப்பாளர்களுக்கும் போய்ச் சேரும். அந்த மடற்குழுவின் சர்வர் என் வீட்டில், செருப்பு அலமாரிக்கு மேலே ஒரு பழைய கணினி. நூலக வேலைக்கு நடுவே அதைப் பார்த்துக்கொள்வது நான்.

நூலகத்திலிருந்தே சர்வருக்குள் நுழைந்து பார்த்தேன். மெயில் வேலையைச் செய்யும் நிரல்களைத் தனித்தனியாக அடைத்து வைத்திருக்கும் மூன்று கன்டெய்னர்களும் ஓடிக்கொண்டிருந்தன.

"நல்லாத்தான் ஓடுது அண்ணி" என்று சொல்லிவிட்டு வெளியேறினேன். சந்தேகத்துக்குக் குழுவுக்கு ஒரு மெயில் போட்டேன். வரவில்லை. மறுபடி நுழைந்தேன். ஓடிக்கொண்டிருந்தது!

ஞாயிற்றுக்கிழமைதான் அதில் கைவைத்திருந்தேன். அதுவரை எல்லாம் ரூட் என்கிற முழு அதிகாரத்தில் ஓடியது. எவனாவது உள்ளே புகுந்தால் மொத்தக் கணினியும் அவன் கையில். அந்தப் பயத்தில் கன்டெய்னர்களை என் சாதாரணக் கணக்குக்கு மாற்றினேன். மூன்று நாள் ஒரு குறையும் இல்லை. அந்த மூன்று நாளும் நான் சர்வரிலிருந்து வெளியேறவே இல்லை. நேற்று சாயங்காலம்தான் வெளியேறினேன்.

வெளியேறி மூன்றாவது முறை நுழைந்தபோது அந்த வரி கண்ணில் பட்டது. ஓடத் தொடங்கி ஒன்பது விநாடி.

நான் நுழைந்தால் எழுந்திருக்கிறது, வெளியேறினால் படுத்துவிடுகிறது. 'நான் இல்லாதபோதும் ஓடட்டும்' என்று தனியாக ஒரு கட்டளை கொடுத்திருக்க வேண்டும். மறந்தே போயிருக்கிறேன். அவசரத்தில் அந்த ஒற்றை வரியை இரண்டு தடவை தப்பாக அடித்தேன்.

பதினொரு மணி வாக்கில், அனுப்பியவர்களின் சர்வர்களில் காத்துக் கிடந்த மெயில்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. நாலாவது, நேற்று ஏழு மணிக்கு ஒரு அப்பா எழுதியது. "மகளுக்கு நாளை பன்னிரண்டு மணிக்கு ஆபரேஷன். டாக்டர் சொல்வது எனக்குப் புரியவில்லை. யாராவது வாருங்கள்."

அண்ணியைக் கூப்பிட்டேன். "பாத்துட்டேன், டாக்சில ஏறிட்டேன். நீ போனை வை."

அதற்கப்புறம் வந்த புத்தகங்களில் என்ன தேதி குத்தினேன் என்று எனக்கே தெரியாது.

பன்னிரண்டரைக்கு அண்ணியே பேசினார். "ஆள் வராம கையெழுத்து போட மாட்டேன்னு எழுதிக் காட்டிட்டு உக்காந்திருக்காரு, பாவம். டாக்டருக்கு ஏகக் கடுப்பு. எல்லாத்தையும் கேட்டு, இப்பதான் போட்டாரு. பொண்ணை உள்ளே கொண்டு போயிட்டாங்க."

"என்மேல கோவமா இருக்காரா, அண்ணி?"

"நீ யாருன்னே அவருக்குத் தெரியாதே."

தெரியாமலே விட்டுவிட மனசு வரவில்லை. மதியம், தவறு என்னுடையது என்று அவருக்கே எழுதினேன். சாயங்காலம் பதில் வந்தது. "மகள் கண் விழித்துவிட்டாள். மெயில் நின்றால் மெசேஜ் அனுப்ப ஒரு நம்பர் கொடுங்கள்."

என் நம்பரைக் கொடுத்தேன்.