அவர் வாய், என் கை

வழக்கமாக வரும் சைகை மொழிபெயர்ப்பாளருக்குக் காய்ச்சல். அதனால் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் பாதுகாப்புக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். முன்வரிசை முழுக்கக் காது கேளாத தொழிலாளர்கள். நடுவில் என் அண்ணன். வெட்டும் மெஷினில் வலக்கையின் இரண்டு விரல்களைப் பறிகொடுத்தவன். அது யார் தப்பு என்று மேலாளர் இன்று சொல்வதை வைத்துத்தான் அவனுக்கு மறுபடி வேலை.

வீட்டில் என் சைகையைப் பார்த்தாலே அவனுக்குக் கிண்டல். "உன் கை ஒளறுது" என்பான். மேடையில் உளற முடியாது. பேசுகிறவர் 'நான்' என்றால் என் கையும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, முகம்கூடச் சுளிக்கக் கூடாது. அதுதான் எங்கள் தொழில்.

மேலாளர் தேன் ஒழுகப் பேசினார். "மெஷின்ல ஒரு கொறையும் இல்ல. நானே பாத்தேன். கவனமில்லாம வேலை செஞ்சா இப்படித்தான் ஆகும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மெஷினின் தடுப்புத் தகடு கழன்று கிடப்பதை, விரல் போவதற்கு முன்பே அண்ணன் இவரிடமே காட்டியிருந்தான். ஆனாலும் என் கை அச்சுப் பிசகாமல் சொன்னது: நானே பார்த்தேன். அண்ணன் கண்ணை எடுக்கவில்லை. கண்ணை மூடினால் அவனுக்கு அந்தப் பேச்சு நின்றுவிடும். மூடித் தொலையேன்டா என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

பேச்சு முடிந்ததும் அவன் எழுந்தான். மிச்ச விரல்களால் அவன் சொன்னதை நான் மைக்கில் சொன்னேன். "தகடு கழண்டு கெடக்குதுன்னு உங்ககிட்ட நான் காட்டினேனே சார். அப்ப நீங்க..."

மேலாளர் அவன் பக்கம் திரும்பவே இல்லை. கைபேசியைப் பார்த்தபடி என்னிடம், "அவர உக்காரச் சொல்லும்மா, நேரமாச்சு" என்றார். மைக் அணைந்தது. அண்ணன் என்னைப் பார்க்காமல், அவரையே பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் சொல்வதை நான் தொண்டை கிழியக் கத்தினேன். நாற்காலிகள் இழுபடும் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.

வாசலில் காவலாளி அவனுடைய அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார். தெருவுக்கு வந்ததும் அண்ணன் என் தோளைத் தட்டினான்.

"இன்னைக்கு உன் கை ஒளறவே இல்ல" என்றான் சைகையில். "பாத்துக்கிட்டே இருந்தேனா, நெஜமாவே நான்தான் கவனமில்லாம இருந்தேனோன்னு எனக்கே தோணிப்போச்சு."