இருட்டட்டும்

ஏணியின் மேல்படியில் நின்று, கழுத்தை ஒடித்துக்கொண்டு, சின்னவள் கூரையில் ஒரு காகித மரத்தை ஒட்டிக்கொண்டிருந்தாள். கீழே கட்டிலில் அப்பா மல்லாந்து கிடந்தபடியே வேலை வாங்கினார். ஆயுசெல்லாம் லாரி ஓட்டியவருக்கு, அடுத்தவர் ஓட்டும்போது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வராது.

"இடது பக்கம் வா. இன்னும் கொஞ்சம். அந்த மரம் ரோட்டு மேல சாஞ்சிருக்கும், போறவன் தலையில குட்டுற மாதிரி."

"நேத்து நேரா நிக்கும்னு சொன்னீங்க."

"அது வேற மரம்."

கல்லீரல் கெட்டுப்போய், இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். புரண்டு படுக்க முடியாது. அவர் பார்ப்பதற்கு மிஞ்சியது கூரை ஒன்றுதான். "வெள்ளை வெளேர்னு இருக்கு. இதைப் பார்த்துக்கிட்டேதான் போய்ச் சேரணுமா?" என்று அவர் கேட்டதும் சின்னவளுக்கு இந்த யோசனை வந்தது. அவளுக்குத் தொழிலே காகிதம்தான். துணிக்கடைகளின் கண்ணாடிக்குள் காடும் கடலும் வெட்டி வைப்பவள். அப்பா இரவெல்லாம் வண்டி ஓட்டிய சாலையை, அவர் சொல்லச் சொல்ல வெட்டி ஒட்டினாள்.

வெள்ளைக் கூரையில் வெள்ளைக் காகிதம். பகலில் ஒரு மண்ணும் தெரியாது. அண்ணன் ஒருநாள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "பெயிண்ட் உரிஞ்சிருக்கா?" என்று கேட்டான்.

"ஊதா விளக்கைப் போட்டாத் தெரியும். பெயிண்ட் இருட்டாயிடும், பேப்பர் மட்டும் நீலமா ஒளிரும்" என்றாள். "சலவைப் பவுடர்ல துணி வெளுக்கறதுக்கு ஒண்ணு கலக்கறாங்களே, அது இந்தப் பேப்பர்லயும் இருக்கு." விலை கூடிய ஓவியத்தாளை வாங்கி ஏமாந்ததையும், கடைசியில் ஜெராக்ஸ் கடைத் தாள்தான் ஜொலித்தது என்பதையும் சொன்னபோது அம்மா மட்டும் சிரித்தாள்.

அந்த விளக்கு, ஒரு நீளமான குழல் விளக்கு, இப்போது அலமாரிக்கு மேல் தயாராக இருந்தது. அப்பாவின் கண் அதிலேயே இருந்தது.

"இப்பவே போட்டுக் காட்டேன் கண்ணு. ஜன்னல்ல ஒரு போர்வையை மாட்டிக்கலாம்."

"இண்டு இடுக்கெல்லாம் வெளிச்சம் வரும்ப்பா. அரைகுறையாத்தான் தெரியும். முதல் தடவை முழுசாப் பாருங்க. இருட்டட்டும்."

"சரி சரி. ராத்திரி வண்டிக்காரனுக்கு இருட்டறதுக்குக் காத்திருக்கத் தெரியாதா?"

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு, "அந்த வளைவு தாண்டினதும் ஒரு கடை வை. சின்னதா, ஒரு பல்போட" என்றார்.

"என்ன கடை?"

"டீக்கடை. எதுக்குக் கேக்கற, வையேன்."

இத்தனை நாளில் அவர் சொல்லவே சொல்லாத கடை. அவள் பக்கத்து அறைக்குப் போய் மேசையில் உட்கார்ந்தாள். அவசரப்பட்டால் கோணிவிடும் என்று நிதானமாகவே வெட்டினாள். ஒரு சாய்ப்புக் கூரை, ஒரு பெஞ்சு, அரிசி அளவுக்கு ஒரு பல்பு. பல்புக்கு மட்டும் ஒளிரும் மஞ்சள் சாயத்தைத் தொட்டு வைத்தாள். அது காய்வதற்குள் அம்மாவின் குரல் கேட்டது. யாரையும் கூப்பிட்ட குரல் இல்லை அது.

ஓடி வந்தபோது ஜன்னலில் வெயில் அப்படியே இருந்தது. அப்பாவின் கண்கள் கூரையைப் பார்த்தபடி திறந்திருந்தன. அம்மா அவற்றை மூடினாள்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். அண்ணன் வந்தான். அப்பாவின் தங்கை, அத்தை, வந்ததும் அழுதாள்; பிறகு அலமாரியிலிருந்து துவைத்து மடித்த வெள்ளை விரிப்பை எடுத்து அப்பாவைக் கழுத்து வரை போர்த்தினாள். சின்னவள் அந்தக் கடையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மூலையில் நின்றாள். அவளுக்கு அழுகை வரவில்லை. ஒரே ஒரு போர்வையை ஆணியில் மாட்டியிருந்தால் பார்த்திருப்பார். அரைகுறையாகவாவது பார்த்திருப்பார். தன் வாயில் தானே அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அண்ணன் ஏணியை இழுத்தான். "நாலு பேர் வந்து போற இடம். மேல ஒட்டினதெல்லாம் யார் தலையிலயாவது விழும். எடுத்துடட்டுமா?"

"வேண்டாம்" என்றாள் அம்மா. சின்னவளின் கையைப் பார்த்தாள். "அதையும் ஒட்டிடு."

ஏறி ஒட்டினாள். கடை லேசாகச் சாய்ந்துவிட்டது. அவள் அதைத் திருத்தவில்லை.

இறங்கி வருவதற்குள் ஜன்னல் கண்ணாடி கறுத்திருந்தது. அம்மா எழுந்து கதவைச் சாத்தினாள்.

"இருட்டிடுச்சு. போடு."

"இப்பவா?" என்றாள் அத்தை.

சின்னவள் அறை விளக்கை அணைத்துவிட்டு ஊதா விளக்கின் சுவிட்சைத் தட்டினாள். கூரை காணாமல் போனது. அந்த இடத்தில் சாலை வந்தது. மரங்களும் மைல்கற்களும் பாலத்தின் கைப்பிடியும் நீலமாக எரிந்தன. வளைவு தாண்டி மஞ்சளாக ஒரு புள்ளி.

அத்தை மேலே பார்க்கவில்லை. "ஐயோ" என்று அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டாள். கட்டிலில் அப்பாவின் முகம் இருட்டில் மறைந்திருந்தது. கழுத்துக்குக் கீழே, துவைத்து வெளுத்த விரிப்பு, அதே நீலத்தில் ஒளிர்ந்துகொண்டிருந்தது.

"அணைச்சிடு" என்றான் அண்ணன். சின்னவளின் கை சுவிட்சுக்குப் போனது.

"இருக்கட்டும்."

அம்மா கட்டிலோரம் உட்கார்ந்து, அப்பாவின் தலையணையில் தன் தலையையும் சாய்த்து, அவர் பார்க்கும் இடத்திலிருந்தே மேலே பார்த்தாள்.

"அந்த மஞ்சள் வெளிச்சம் என்னது?"

"டீக்கடைம்மா. இன்னிக்குத்தான் வைக்கச் சொன்னார். எதுக்குன்னு சொல்லல."

அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கதான் போன் இருந்துது" என்றாள். "வண்டியை நிறுத்திட்டுக் கூப்பிடுவார். நீ தூங்கு, நான் வந்துடறேன்னு."

அப்பாவின் மார்பின் மேல் விரிப்பு ஓரிடத்தில் மடங்கி, நிழலாகக் கிடந்தது. அம்மா கை நீட்டி அந்த மடிப்பை நீவிவிட்டாள். அங்கேயும் வெளிச்சம் வந்தது.