ஒரு சாண் உயரத்தில் அமிர்தராஜ்

"எங்க ஆத்தா தெனம் பூசை கண்டவ, அவ தரையில கெடக்கா! குடிச்சுட்டு ஜீப் ஓட்டுன உம்புருசன் மட்டும் அந்தரத்துல நிக்கிறாகளோ?" என்று பக்கத்துக் கல்லறைக்குச் சொந்தக்காரி கிளாரா கத்த, "முடிஞ்சா எறக்கிக்கடி, யாரு வேண்டாங்குறா?" என்று மதலேனாளும் கத்திக்கொண்டிருந்தாள். கல்லறைத் திருநாள் காலை அது. அவள் கணவன் அமிர்தராஜின் கல்லறை, சிமெண்ட் மேடை, சிலுவை, முந்தின வாரம் அடித்த சுண்ணாம்பு உட்பட, தரையைவிட்டு ஒரு சாண் உயரத்தில் நின்றது. அடியில் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது.

காரணம் உபதேசியார் சாலமன்தான் என்பதில் ஊருக்குச் சந்தேகமில்லை. முந்தின நாள் சகல புனிதர் திருநாள். இறந்தவர்கள் பூசையில் வாசிக்கச் சொல்லி மதலேனாள் கொடுத்த பெயர்ச்சீட்டை அவர் புனிதர் மன்றாட்டுப் புத்தகத்தில் செருகி வைத்திருந்தார். வாசிப்பதைக் கவனிக்கும் பழக்கம் அவருக்கு என்றுமே கிடையாது. அந்தோனியாருக்கும் செபஸ்தியாருக்கும் நடுவே "அமிர்தராஜே" என்று ராகம் இழுக்க, பாதித் தூக்கத்திலிருந்த கோவில் முழுவதும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றது. புனிதர்களிடம் மட்டுமே கேட்கும் வேண்டுதல் அது. மதலேனாள் ஒருத்திதான் வாய் திறக்கவில்லை.

அவளால் முடியாது. மூன்று வருடம் முன்பு ஓர் ஆடி மழையில், ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் புறப்பட்டவனிடம், "போறவன் அப்படியே போயிரு, திரும்பி வராத" என்று சொன்னவள் அவள். கம்பமெட்டு வளைவில் ஜீப் உருண்டது. சாகுமுன் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் இல்லை, சாகிறவருக்கு எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதல் இல்லை. தன் வாய்ச்சொல்தான் அவனை மோட்சம் சேரவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது என்று நம்பினாள். அதனால் அவன் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுப்பாளே தவிர, வாயால் சொல்லி ஜெபித்ததில்லை.

பங்குச் சாமியார் வந்து ஸ்கேல் வைத்து அளந்தார். ஊர் கூடிச் செய்த தப்பு, பிஷப்புக்கு எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வருடம் சாலமன் வரிசையைத் திருத்தி நிதானமாக வாசித்தும் கல்லறை இறங்கவில்லை. வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் மகாலட்சுமியும் இருந்தாள். அந்த ஜீப்பில் பிழைத்தவள், பிறகு கேரளத் தோட்டத்திலேயே தங்கிவிட்டவள்.

"குடிச்சிருந்தாகளா?" என்று மட்டும் கேட்டாள் மதலேனாள்.

"இல்லக்கா. கட்டன்சாயாதான். வழி பூரா ஒங்க பேச்சுத்தான். 'திரும்பி வராதன்னுட்டா, அதுக்காகவே இன்னைக்கு வெள்ளனப் போயி வாசல்ல நிக்கணும்'னு சிரிச்சுக்கிட்டே ஓட்டுனாக."

மதலேனாள் குனிந்து, கல்லறைக்கும் தரைக்கும் நடுவே கையை விட்டாள். அங்கே மட்டும் மலைக்காற்று குளிர்ந்து ஓடியது. "அமிர்தராஜே," என்றாள். அன்று கோவிலில் சொல்லாத மீதியைச் சொல்ல வெகு நேரம் பிடித்தது. சொல்லி முடித்தபோதும் கல்லறை அசையவில்லை. அவள் அழுத சத்தத்தில், இந்த வருடமும் அடியில் உட்கார்ந்திருந்த கோழிதான் எழுந்து போனது.

மகள் ஜெசிந்தா மறு தையில் கம்பத்துத் திராட்சை வியாபாரி பிரான்சிஸைக் கட்டிக்கொண்டாள். சாலமன் தேனிக்கு மகன் வீட்டோடு போய்விட்டார். கிளாரா வருசநாட்டுக்குக் குடிபோனாலும், வருடம் தவறாமல் சகல புனிதர் திருநாளன்றே வந்து, தன் ஆத்தாவின் பெயர்ச்சீட்டை மன்றாட்டுப் புத்தகத்துக்குள் தானே செருகிவிட்டுப் போகிறாள். மதலேனாள் எங்கும் போகவில்லை. திருநாளுக்கு முந்தின வாரம் குப்புறப் படுத்து, கையை நுழைத்து, கல்லறையின் அடிப்பக்கத்துக்கும் சுண்ணாம்பு அடிக்கிறாள்.