மேல்கொல்லையின் மக்காச்சோளம்

ஆடிக்கிருத்திகைக்குக் காவடிகள் வரத் தொடங்கியிருந்த வாரம். திருத்தணி பஜாரில் ஒரு விதைக்கடை முன்னால் புவனாவும், அவள் பாவா என்று கூப்பிடும் கணவனின் அண்ணன் முருகவேலும் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள்.

மலைக்குத் தெற்கே சரிவில் அவர்கள் குடும்பத்துக்குப் பாகம் பிரிக்காத இரண்டு மானாவாரிக் கொல்லைகள் இருந்தன. மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் ஒரு பெரிய வரப்பு. புவனாவின் கணவன் டில்லிபாபு பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி ஓட்டினான். பயிர் பார்ப்பது இவர்கள் இருவர்தான்.

முருகவேல் நீண்ட நாள் ஓடும் வீரிய மக்காச்சோளத்தைக் கேட்டான். "கதிர் பெருசா வரும். கோழித்தீவனக்காரன் அதத்தான் தேடறான்."

"அது அறுப்புக்கு வர கார்த்திகை ஆயிடும் பாவா. மூணு மாசத்துல முடியறதப் போடலாம். ஐப்பசில அறுத்துட்டு உடனே தழை உரத்துக்குச் சணப்பை வெதச்சா, பெருமழைக்குள்ள தரைய மூடிடும். போன வருசம் மண்ணு எப்படிப் போச்சுன்னு நீங்களும்தான பாத்தீங்க?"

பார்த்திருந்தான். வெறும் கொல்லையாகக் கிடந்த சரிவிலிருந்து செம்மண் கரைந்து ஏரி வரைக்கும் போயிருந்தது. மேல்கொல்லையில் பாறை தலைகாட்டிவிட்டது. இருந்தாலும் அவன் இறங்கி வரவில்லை.

"மண்ணுக்குச் சட்டை தெச்சிப் போடவா நாம வெள்ளாம பண்றோம்? மேல்கொல்லை நான் பாத்துக்கறேன். கீழ்கொல்லைல நீ இன்னா வேணா போட்டுக்கோ."

கடைக்காரர் இரண்டு ரகத்தையும் எடுத்து வைத்தார். அன்றிலிருந்து இருவருக்கும் நடுவே அவசியமான பேச்சு மட்டும்தான்.

ஐப்பசித் தொடக்கத்திலேயே புவனா அறுத்துவிட்டாள். கதிர்கள் சிறியவை. முருகவேல் வரப்பில் நின்று மூட்டைகளை எண்ணிவிட்டுப் போனான். ஏதாவது சொல்லியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். தட்டையை வெட்டிப் போட்ட கையோடு உழுது சணப்பையும் கொள்ளும் கலந்து விதைத்தாள். கையில் விதை மிஞ்சியது. மேல்கொல்லைக்கு ஏறிப் போனாள்.

"நிக்கற சோளத்துக்கு நடுவுலயே தூவி வுடலாமா பாவா? வெத கீது."

"என் பயிரு சத்த அது தின்னுடும். வேணாம்."

கார்த்திகையில் வங்கக்கடலில் புயல் என்றார்கள். முருகவேலின் கதிர்கள் முற்றியிருந்தன, ஆனால் மணியில் இன்னும் ஈரம். காயட்டும் என்று விட்டிருந்தான். புயல் சேதி வந்த பிறகு ஓடி ஓடி ஆள் தேடினான். எல்லோரும் அவரவர் கொல்லையில் இருந்தார்கள்.

விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. மதியத்துக்குள் மலை கண்ணுக்குத் தெரியவில்லை. சாக்கைத் தலையில் கவிழ்த்து, ஒரு மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு புவனா கொல்லைக்கு ஓடினாள். முருகவேல் ஏற்கெனவே மண்வெட்டியோடு வரப்பின்மேல் நின்றான்.

மேல்கொல்லையின் வரிசைகளுக்கு நடுவே தண்ணீர் வாய்க்கால் அறுத்துக்கொண்டு செக்கச்செவேலென்று இறங்கி, வரப்பின் மூலையில் குளம்போலத் தேங்கியிருந்தது. அங்கே நின்ற சோளம் வேர் இளகி ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்துகொண்டிருந்தது. வரப்பு ஊறிப்போய், காலை வைத்தால் அமுங்கியது.

"ஒடச்சிக்கப் போவுது," என்றாள்.

"தெரியுது." அவன் மண்வெட்டியை வரப்பில் ஊன்றினான். "நான் வெட்டி வுட்டா மொத்தத் தண்ணியும் உன் கொல்லைலதான் எறங்கும். வெட்டாட்டி என் சோளம் முழுக்கப் படுத்துடும்."

புவனா கீழே பார்த்தாள். முழங்காலுக்கு மேல் வளர்ந்த சணப்பை, அதன் அடியில் தரை தெரியாமல் கொள்ளு. தை மாதம் மடக்கி உழுது மண்ணுக்குக் கொடுக்க வைத்திருந்தது. இது தாங்கும் என்றுதான் விதைக்கடையில் அவள் அத்தனை பேசியிருந்தாள். தாங்குமா என்று அவளுக்கே தெரியாது.

"வெட்டுங்க பாவா."

"போயிடும் புவனா. அப்புறம் என்னச் சொல்லாத."

"ஒரே எடத்துல வெட்டாதீங்க, குழி பறிச்சிடும். நாலஞ்சு எடத்துல கொஞ்சங் கொஞ்சமா வெட்டுங்க. அந்தக் கோடிலேர்ந்து நானும் வெட்டறேன்."

இருவரும் வரப்பின் இரண்டு முனையிலிருந்து வெட்டிக்கொண்டு வந்தார்கள். தண்ணீர் கீழே பாய்ந்தது. முதல் வரிசைச் சணப்பை அப்படியே படுத்தது. புவனா மண்வெட்டியைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். இரண்டாவது, மூன்றாவது வரிசையும் சாய்ந்தன. அதற்குப் பிறகு தண்ணீரின் வேகம் செத்தது. தண்டுகளுக்கு நடுவே பிரிந்து, பரந்து, மெல்ல ஊர்ந்து போயிற்று. கொண்டுவந்த செம்மண்ணைப் பாதி வழியிலேயே கொட்டிவிட்டது. கீழ்க்கோடியில் வெளியேறிய தண்ணீரில் அந்தச் சிவப்பு பெரும்பாலும் இல்லை.

முருகவேல் கீழ்க்கோடி வரைக்கும் நடந்து போய், குனிந்து அந்தத் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு வந்தான்.

மழை இரண்டு நாளில் விட்டது. வரப்போரத்தில் ஒரு பட்டை சணப்பை சேற்றில் புதைந்து அழுகியது, மற்றது நிமிர்ந்தது. மேல்கொல்லையில் கால்வாசி சோளம் முளைவிட்டுக் கெட்டது. மீதியைக் காயவைத்துத் தேற்றினார்கள். எல்லாம் எடுத்து முடிந்த பிறகு முருகவேல் தானாகவே கொள்ளு தூவினான். காலம் கடந்துவிட்டது. பனியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்து, நுனி கருகி நின்றது. அறுபட்ட வாய்க்கால்கள் அப்படியே வாய் பிளந்து கிடந்தன.

தை மாதம் புவனா சணப்பையை மடக்கி உழ டிராக்டருக்குச் சொல்லிவிட்டு நின்றபோது முருகவேல் வந்தான்.

"உன் ரகத்துல மகசூல் கொறையும்தான?"

"ஆங், கொறையும் பாவா. நான் இல்லன்னு சொல்லலயே."

அவன் சரிவைக் கையால் காட்டினான். "நாம ரெண்டு பேரும் எடத்த மாத்திப் போட்டுகினு கீறோம். மண்ணு அறுக்கறது மேலதான். அங்க சீக்கிரம் முடியறதப் போட்டு மூடணும். நீண்ட நாள் ரகத்தக் கீழ போட்டா, மேலயே தண்ணி வேகம் செத்துடும், அதுக்கு ஒண்ணும் ஆவாது."

இது புவனாவுக்கும் தோன்றியிருக்க வேண்டியதுதான். அன்றைக்குக் கோபத்தில், கிடைத்த கொல்லையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"அப்ப மேல்கொல்லை என்னுதா?" என்று கேட்டாள்.

"உன்னுது, என்னுதெல்லாம் வேணாம்," என்றான் முருகவேல். "ஆடில ரெண்டு பேரும் சேர்ந்தே கடைக்குப் போலாம்."

டிராக்டர் கீழ்கொல்லைக்குள் திரும்பியது. சணப்பை மடிந்து விழ, பச்சை வாடை எழுந்தது.