இங்கிலீஷில் சொன்னது

ரமாபாய் அப்பாவின் கழுத்திலிருந்து விரலை எடுக்கவில்லை. நாடி நின்றுவிட்டது அவளுக்குத் தெரியும். ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துப் பொறுமையாகக் கேட்டாயிற்று. டார்ச் அடித்துக் கண்ணையும் பார்த்தாயிற்று. சுவரோரம் குந்தியிருந்த அம்மா பட்டம்மாள் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் தொடங்கி மாடிப்படி வரைக்கும் வியாசர்பாடி ஹவுசிங் போர்டு சனம் நின்றது.

"இன்னா ரமா, உசுரோட கீறாரா?" என்று பக்கத்து வீட்டு மலிகா மெல்லக் கேட்டாள்.

"டாக்டர் வந்து சொல்லட்டும்க்கா."

தம்பி பகலவன் அக்காவை ஒரு கணம் பார்த்தான். சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கி ஓடினான். அழ வந்த பெண்கள் முந்தானையை வாயில் வைத்தபடி காத்திருந்தார்கள்.

அவளுக்குச் சொல்லிக்கொடுத்த படிப்பு அப்படிப்பட்டது. மூன்று வருஷம் வகுப்பு, நாலாவது வருஷம் ஆஸ்பத்திரியில் பயிற்சி. நோயாளியிடம் கேள். தொட்டுப் பார், தட்டிப் பார், வைத்துக் கேள். கண்டதை டாக்டரிடம் சொல். முடிவை அவர் சொல்வார். பெரிய டாக்டர் நெஞ்சைத் திறந்திருக்கும்போது காலிலிருந்து ரத்தக்குழாயை எடுத்துக் கொடுக்கக்கூட அவள் பழகியிருந்தாள். அங்கே எப்போதும் அவளுக்கு மேலே ஓர் ஆள் இருந்தார். இந்த ஒற்றை அறையில் அப்படி யாரும் இல்லை.

அப்பா லோகநாதன் எண்ணூர்ப் பக்கம் இரும்பு வார்க்கும் ஒரு பவுண்டரியில் அச்சு மணல் சலித்தவர். பிசிஷியன் அசிஸ்டென்ட் என்ற பெயர் கடைசிவரை அவர் வாயில் நுழையவில்லை. டீக்கடையில் யாராவது, "பொண்ணு நர்ஸுக்கா படிக்குது?" என்று கேட்டால், "நர்ஸும் இல்ல, டாக்டரும் இல்லப்பா. டாக்டரு பாக்கறதுக்கு முன்னாடி பாக்கற படிப்பு" என்பார். கேட்டவன் தலையாட்டிவிட்டுப் பேச்சை மாற்றுவான்.

ஆஸ்பத்திரியிலும் அதே கதைதான். நர்ஸுகள் அவளை டாக்டர்கள் கூட்டத்தோடு சேர்த்தார்கள். டாக்டர்கள் மேசையில் அவளுக்கு நாற்காலி இல்லை. டப்பாவைத் திறந்து படிக்கட்டில் தனியாகவே சாப்பிட்டுப் பழகிவிட்டாள். மாநகராட்சிப் பள்ளியில் தமிழில் படித்தவள். முதல் வருஷம் வகுப்புக்கு முன்னால் நின்று கேஸ் சொன்னபோது, மூச்சுத்திணறலுக்கான இங்கிலீஷ் வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிட்டது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சார், "உட்காரு" என்றார். அன்றிலிருந்து பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, உதடு மட்டும் அசைய, இல்லாத நோயாளிகளைப் பற்றி இல்லாத டாக்டர்களுக்குச் சொல்லிக்கொண்டே போய் வந்தாள்.

டாக்டர் மேல்மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். மெயின் ரோட்டில் கிளினிக் வைத்திருப்பவர். அவள் கழுத்தில் கிடந்த ஸ்டெதாஸ்கோப்பைப் பார்த்தார்.

"யாரும்மா நீ? நர்ஸா?"

"பிசிஷியன் அசிஸ்டென்ட் இன்டர்ன் சார். இவரோட பொண்ணு."

"அப்படியா. எப்படி இருந்தார், சொல்லு."

ரமாபாய் எழுந்து நின்றாள். கைகள் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போய்க் கோத்துக்கொண்டன. வாயைத் திறந்ததும் இங்கிலீஷ் வந்தது. வயது, தொழில், எந்தத் தூசியில் எத்தனை வருஷம், இருமல் எப்போது தொடங்கியது, எப்போதிலிருந்து படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்கினார், பெரியாஸ்பத்திரியில் என்ன பார்த்து வீட்டுக்கு அனுப்பினார்கள், காலையில் மூச்சு எப்படி மாறியது, எப்போது நின்றது. ஒரு வார்த்தைகூடத் தடுக்கவில்லை. வாசலில் நின்றவர்கள் வாய் மூடிக் கேட்டார்கள். பகலவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் தானும் ஒருமுறை பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"போயிட்டார்மா," என்றார். பேனாவை எடுத்துக்கொண்டே, "ரொம்ப நல்லா கேஸ் சொன்ன. எந்தக் காலேஜ்?" என்று கேட்டார்.

அவள் பதில் சொல்வதற்குள் மலிகா மார்பில் அடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். அறை முழுக்க அழுகை நிறைந்தது. ரமாபாய் கைகளைப் பின்னால் கோத்தபடியே நின்றாள். யாரோ அவளை மெல்ல ஓரமாகத் தள்ளிவிட்டார்கள்.

சாயங்காலம் புத்தரின் பஞ்சசீலம் சொல்லி, ஆண்கள் லோகநாதனை மூலக்கொத்தளம் மயானத்துக்குத் தூக்கிப் போனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டுக் கலைந்தார்கள். மலிகா ஒரு சொம்பில் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். ஈரத்தரையில் அம்மாவும் மகளும் மட்டும் இருந்தார்கள்.

"டாக்டராண்ட இன்னமோ நெறய சொன்னியே, இங்கிலீஷ்ல," என்றாள் பட்டம்மாள். "நைனாவப் பத்தித்தான?"

"ஆமாம்மா."

"இன்னா சொன்ன?"

ரமாபாய் யோசித்தாள். "அறுபத்திரண்டு வயசுன்னு சொன்னேன். பவுண்டரில முப்பது வருசம் வேலை செஞ்சாருன்னு."

"முப்பத்தியொண்ணு. ஸ்ட்ரைக் பண்ண வருசத்த வுட்டுட்ட."

"ஆமா."

"அப்பறம்?"

விரல்நுனி நீலம் பாய்ந்திருந்தது, கால் வீங்கியிருந்தது. எல்லாவற்றுக்கும் தமிழ் வார்த்தை இருந்தது. அம்மாவிடம் சொல்லும்படி ஒன்றும் இல்லை.

"மாரு பீப்பா மாதிரி இருந்துச்சுன்னு சொன்னேன்," என்றாள்.

புத்தகத்தில் அப்படித்தான் இருக்கும். உள்ளே போன காற்று வெளியேற முடியாமல் வருஷக்கணக்கில் தங்கித் தங்கி, நெஞ்சுக்கூடு உப்பிப்போவதற்கு அந்தப் பெயர்.

பட்டம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"பொண்ணு பாக்க வந்தப்பவே அப்டித்தான் இருந்தாரு," என்றாள். "வாசல அடைச்சிகினு நின்னாரு. எங்கண்ணன் பாத்துட்டு, 'இன்னாடி, குஸ்தி போடறவனா?'ன்னுச்சு."

ரமாபாய் டீச் சொம்பை அம்மா பக்கம் நகர்த்தினாள்.

"டாக்டரு அத எழுதிக்கினாரா?"

"எழுதிக்கினாரும்மா."

பட்டம்மாள் தலையை ஆட்டிக்கொண்டாள். ஆறிப்போன டீயைத் தம்ளரில் ஊற்றி, மேலே படிந்த பாலாடையை விரலால் ஒதுக்கினாள். கீழே, மூலக்கொத்தளத்திலிருந்து திரும்பியவர்கள் கால் கழுவ, அடிபம்பு கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது.