கதவு இருக்கும் பக்கம்

கரண்டு வந்ததும் மோட்டார் போட்டான். தண்ணீர் மேலே ஏறும் சத்தம் கேட்கும்வரை சுவரில் சாய்ந்து நின்றான். அரிசியைக் களைந்து குக்கரில் வைத்தான். போனையும் லேப்டாப்பையும் சார்ஜில் போட்டான். முகம் மழித்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். டிரம் நிரம்பி வழியும் சத்தம் கேட்டு மோட்டாரை நிறுத்தினான். சோறு வெந்ததும் ஒரு முட்டையைப் பொரித்து, நின்றுகொண்டே சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்தான். ரங்கூனின் தின்கன்ஜூன் பேட்டையில் எல்லார் வீட்டுக் காலையும் கரண்டு வைத்த சட்டப்படிதான் நடந்தது. கார்த்திகேசனுக்கு அது வசதியாக இருந்தது. அடுத்து என்ன செய்வது என்று யோசிக்க வேண்டியதில்லை. மனைவி லக்ஷ்மிப்ரியா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

கதவைத் திறந்தபோது மாமியார் சொர்ணம்மாள் படியேறி வந்த மூச்சிறைப்போடு நின்றிருந்தாள். பின்னால் மோகன், தோளில் பூட்ஸ் பையுடன். லக்ஷ்மிப்ரியாவின் ஒரே தம்பி. அக்காவின் அதே நெற்றி. அதனால் கார்த்திகேசன் அவனிடம் பேசும்போது பெரும்பாலும் அவன் கையைத்தான் பார்த்துப் பேசுவான்.

"மாப்ள, பரீட்சை இன்னிக்குத்தான?"

"ஆமா அத்தை."

"பேப்பரு நீங்கதான் திருத்துவீங்கன்னு இவன் சொன்னான்."

"எல்லாருதும் திருத்துவேன். இவனோடத மட்டும் ஏஜெண்டு திருத்துவாரு. அப்பிடித்தான் பேசியிருக்கு."

சொர்ணம்மாள் படிக்கட்டை எட்டிப் பார்த்தாள். பிறகு, கீழ் வீட்டுக்காரர்களுக்குக் கேட்டுவிடும் என்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வார்டுல பட்டாளத்துக்கு ஆள் புடிக்க அடுத்தவாட்டி சீட்டுக் குலுக்குறப்ப இவன் பேரும் அந்த டப்பாவுல கெடக்கும். ஒண்ணக் குடுத்தாச்சு மாப்ள. இன்னொண்ண நான் குடுக்க மாட்டேன்."

"அம்மா, காலங்காத்தால ஆரம்பிச்சிட்டியா? டோபி," என்றான் மோகன். போதும் என்பதற்கு அவன் வாயில் பர்மியச் சொல்தான் முதலில் வரும்.

கார்த்திகேசன் சட்டையை மாட்டிக்கொண்டு பூட்டை எடுத்தான். அவனும் மோகனும் ரயிலடிக்கு நடந்தார்கள். ரயிலில்தான் போவது என்பதில் பேச்சுக்கு இடமில்லை. ஒரு வருடமாக அவன் ரயில் போகாத இடத்துக்கு நடந்தே போய்க்கொண்டிருந்தான்.

ஏஜெண்டின் பெயர் ரமேஷ்குமார். பினாங்குக்காரர். அங்கே இரண்டாம் தரக் கால்பந்து லீக்கில் ஆடும் ஒரு கிளப்புக்காக ரங்கூனில் ஆள் எடுக்க வந்திருந்தார். தேர்வானவர்களை அணியின் பெயரில், அணியின் கடிதத்தோடு அழைத்துப் போய்விடுவார் என்பதுதான் பையன்களுக்கு முக்கியம். பந்து அப்புறம். கிளப் முதலாளி அமெரிக்காவில் படித்தவர். அங்கே தலைக்கவசம் மாட்டிக்கொண்டு நீள்வட்டப் பந்தோடு மோதுகிறார்களே, அந்தக் கால்பந்தில், தொழில்முறை அணிகள் புதிய ஆட்டக்காரர்களுக்கு அறிவுத் தேர்வு வைத்ததை அவர் பார்த்திருக்கிறார். பன்னிரண்டு நிமிடம், ஐம்பது கேள்வி. நம் கிளப்புக்கும் அதே மாதிரி ஒன்று வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

கார்த்திகேசன் புள்ளியியல் படித்தவன். சிங்கப்பூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே எண்கள் பார்த்துக் கொடுக்கிறான். மோகன் மூலமாக அது தெரிந்த ரமேஷ்குமார், அந்தத் தேர்வு வேலை செய்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டிருந்தார். இணையத்தில் கிடைத்த பழைய மதிப்பெண்களை எடுத்து, அந்த ஆட்டக்காரர்கள் பிற்பாடு எப்படி ஆடினார்கள் என்பதையும் எடுத்து, கார்த்திகேசன் ஒரு படம் போட்டான். கீழ்க்கோட்டில் மதிப்பெண், பக்கக்கோட்டில் ஆட்டம். தொடர்பு இருந்தால் புள்ளிகள் சாய்வாக மேலே ஏறும். அவை ஏறவில்லை. மழைக்குப் பின் சுவரில் ஒட்டிக்கொண்ட ஈசல்கள் மாதிரி இஷ்டத்துக்கு உட்கார்ந்திருந்தன. குறைவாக வாங்கியவர்களில் சிலர் கோப்பை தூக்கியிருந்தார்கள். நிறைய வாங்கியவர்களில் சிலர் வந்த சுவடு தெரியாமல் போயிருந்தார்கள். இதைவைத்து எந்த ஆட்டக்காரன் தேறுவான் என்று சொல்ல முடியாது என்று ஒரே வரியில் எழுதி அனுப்பினான்.

ரமேஷ்குமார் உடனே கூப்பிட்டார். பினாங்குப் பேச்சில் வரும் 'லா' அவர் வாயில் ஒட்டிக்கொண்டே இருக்கும். "நல்லா செஞ்சிருக்கீங்க சார். படம்லாம் அழகா இருக்கு. ஆனா பாருங்க, முப்பது பையனுங்க, ஏழு சீட்டு. ஓடச் சொன்னா எல்லாரும் ஓடுறானுங்க லா. முதலாளிகிட்ட காட்ட எனக்கு ஒரு கோடு வேணும். இருபதும் அதுக்கு மேலயும் எடுத்தா உள்ள, கீழ போனா வெளிய. அவ்ளோதான்."

"கோடு தப்பா இருந்தா?"

"கோடுன்னு ஒண்ணு இருந்தா போதும் சார்."

அதற்குமேல் கார்த்திகேசன் வாதாடவில்லை. எதற்குமே வாதாடுகிற நிலையில் அவன் இல்லை. வினாத்தாளைப் பர்மிய மொழிக்கு மாற்றித் தரச் சொன்னார், மாற்றித் தந்தான். ரயில்களின் வேகம், ஆப்பிள்களின் எடை, வரிசையில் அடுத்த எண். ஒரு பக்கத்தில் ஒரு பேருந்துப் படம் இருந்தது. பக்கவாட்டுத் தோற்றம். வரிசையாக ஜன்னல்கள், இரண்டு சக்கரம், கதவு இல்லை. இந்தப் பேருந்து எந்தப் பக்கம் போகிறது, இடமா வலமா? அந்த ஒற்றை வரியை மாற்றிவிட்டுப் பக்கத்தை வேகமாகத் திருப்பினான். படத்துக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை.

ரயிலில் போய் இறங்கிய இன்சீனில் காலை ஆட்டம் முடிந்து, கோயில் மண்டபத்தில் பரீட்சை நடந்தது. புல்லும் வேர்வையும் ஒட்டிய கால்களோடு பையன்கள் சம்மணம் போட்டு, கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவர்கள்போல வரிசையாக இருந்தார்கள். ஆட்டத்தில் மோகன் பந்தைத் துரத்தவே இல்லை. அது வரப்போகிற இடத்தில் முன்பே போய் நின்றான். அதைப் பார்த்து ரமேஷ்குமார் நாக்கைச் சப்புக்கொட்டியது கார்த்திகேசனுக்குக் கேட்டது. இப்போது அதே மோகன் பென்சிலின் பின்பக்கத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். நேரம் முடிந்தது என்றபோது அவன் தலைதான் கடைசியாக நிமிர்ந்தது.

மண்டபத்தின் ஓரத்தில் மேசை போட்டுத் திருத்தினார்கள். பையன்கள் வெளியே ஜன்னல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். விடைக்குறிப்பைக் கார்த்திகேசன் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சரி, தப்பு, சரி என்று போட்டுக்கொண்டே போனான். கை தானாகப் போயிற்று. ஐந்தாறு தாள் தாண்டிய பிறகுதான் கவனித்தான். பேருந்துக் கேள்வியில் எல்லாருக்கும் தப்பு போட்டுக்கொண்டிருந்தான். விடைக்குறிப்பு இடம் என்றது. பையன்கள் வலம் என்று எழுதியிருந்தார்கள்.

எதிரே ரமேஷ்குமார் ஒரு தாளைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்து எண்ணினார்.

"சார், உங்க மச்சினன். பத்தொம்போது."

வெளியே ஜன்னலில் மோகன் இருந்தான். கேட்டுவிட்டது. முகம் மாறவில்லை. 

"நல்ல பையன் லா. காலு நல்ல காலு. நான் என்ன செய்ய?" ரமேஷ்குமார் தாளை வெளியே போகிற கட்டின்மேல் வைத்தார்.

கார்த்திகேசன் எழுந்து, அந்தத் தாளை எடுத்து, பேருந்துப் பக்கத்தைப் புரட்டினான். வலம். மற்ற தாள்களையும் புரட்டினான். வலம், வலம், வலம். மோகனின் தாளை ரமேஷ்குமார் முன் விரித்து வைத்தான்.

"இந்தக் கேள்வி தப்பு சார்."

"எந்தக் கேள்வி?"

"பஸ்ஸு. அமெரிக்காவுல ரோட்டுக்கு வலது பக்கம் ஓட்டுவாங்க. கதவும் பஸ்ஸுக்கு வலது பக்கம். படத்துல கதவு தெரியல, அப்ப நாம பாக்குறது இடது பக்கம், அதனால பஸ்ஸு இடம் போவுது. அதான் அவங்க கணக்கு."

"ஆமாவா? சரிதான. இங்கயும் வலது பக்கம்தான ஓட்டுறீங்க?"

"வலது பக்கம்தான். ஆனா வண்டி ஜப்பான்ல இருந்து வந்த பழைய வண்டி. அங்க இடது பக்கம் ஓட்டுவாங்க. கதவு இடது பக்கம் இருக்கும். புது பஸ்ஸுக்கெல்லாம் மாத்திட்டாங்க. ஆபீசுக்கு ஆள் ஏத்துற ஃபெரி வண்டி, ஸ்கூல் வண்டி இதுக்கெல்லாம் மாத்தல. இவனுங்க எல்லாம் அதுல ஏறி எறங்கி வளந்தவனுங்க. கதவு தெரியலைன்னா வலம் போவுதுன்னுதான் எழுதுவானுங்க. அவங்க கண்ணுக்கு அது சரி."

ரமேஷ்குமார் ஒரு பேனாவைப் பேருந்தாக்கி மேசைமேல் ஓட்டிப் பார்த்தார். ஒரு தரம் இந்தப் பக்கம், ஒரு தரம் அந்தப் பக்கம். சிரித்தார். "என்ன சார் வெளையாடுறீங்க? அப்பிடின்னா கதவு நடுரோட்டப் பாத்துல்ல தெறக்கும்?"

"ஆமா."

"யாரு லா நடுரோட்டுல எறங்குவா?"

"நாங்க எல்லாரும்."

"கதை விடாதீங்க சார். மச்சினனுக்கு ஒரு மார்க்கு வேணும், புரியுது. அதுக்கு இப்பிடி ஒரு—"

"என் வீட்டுக்காரி எறங்கினா."

மண்டபத்தில் மின்விசிறி நின்றிருந்தது என்பது அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்த மாதிரி இருந்தது. ரமேஷ்குமார் பேனாவை விட்டார். அது உருண்டு தாள்களில் முட்டி நின்றது.

"போன வருஷம்," என்றான் கார்த்திகேசன். "எங்க வீட்டுக்கு எதிர்த்தாப்புல. ஆபீஸ் ஃபெரி வண்டிக் கதவத் தெறந்து எறங்கினா. பின்னால லாரி வந்துச்சு." அவ்வளவையும் ஒரே குரலில், கணக்கு விளக்கிய அதே குரலில் சொன்னான். இந்த வார்த்தைகளை இந்த வரிசையில் அவன் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல இவ்வளவு கொஞ்சம்தான் இருந்தது என்பது அவனுக்கே வியப்பாக இருந்தது.

ரமேஷ்குமார் நெற்றியைத் தேய்த்தார். பிறகு தாள்களை மறுபடி எடுத்து, அந்த ஒரு கேள்வியை மட்டும் திருத்தி, ஒவ்வொன்றாகக் கூட்டினார். மோகன் இருபதைத் தொட்டான். அமீர் அலி என்ற இன்னொரு பையனும் தொட்டான். ஏற்கெனவே ஆறு பேர் உள்ளே இருந்தார்கள்.

"ரெண்டு பேரு. ஒரு எடம்." அவர் இரண்டு தாள்களையும் எந்தக் கட்டிலும் சேர்க்காமல் தன் போனுக்கு அடியில் வைத்தார். "முதலாளிகிட்ட பேசறேன். நீங்க கெளம்புங்க சார். பையனுக்குப் போன் பண்றேன்."

இன்சீன் ரயிலடியில் பெஞ்சு வெயிலில் காய்ந்து கிடந்தது. இருவரும் நின்றார்கள். மோகன் போனைக் கையிலேயே பிடித்திருந்தான். பூட்ஸ் பையைக் கீழே வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். வெள்ளரிப்பிஞ்சு விற்கும் ஒரு பெண், கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே அவர்களைப் பார்த்துவிட்டு நகர்ந்தாள்.

"அக்காவச் சொல்லித்தான் மார்க்கு வாங்கணுமா மாமா?"

"மார்க்கு உன்னோடது. நீ எழுதினது சரி."

"அப்ப அக்காவ எதுக்கு இழுத்தீங்க?"

"அந்தாளு நம்பல."

"நம்பாட்டி போறான். நான் போகாட்டி என்னா?" பேச்சு பர்மியத்துக்கு மாறி, திரும்பித் தமிழுக்கு வந்தது. "எனக்கே நீங்க சொன்னதில்ல. ஜன்னல்ல நின்னு கேக்குறேன். அந்தப் பசங்கல்லாம் கேக்குறானுங்க. அமீர் அலி என் தோளத் தொடுறான். அவனும் நானும் ஒரே சீட்டுக்கு நிக்குறோம், அவன் என் தோளத் தொடுறான்."

கார்த்திகேசன் தண்டவாளத்தைப் பார்த்தான். கேட்பவர்களுக்கெல்லாம் அவன் பதில் சொல்லியிருக்கிறான். போலீஸ்காரர்கள் லாரி நம்பர் கேட்டார்கள். ஆஸ்பத்திரியில் வயது கேட்டார்கள். சொந்தக்காரர்கள் எப்படி ஆச்சு என்று கேட்டார்கள், சொர்ணம்மாள் சொல்லிக்கொண்டிருந்தாள், அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மோகன் அன்றைக்கு எதையும் கேட்கவில்லை. பாடைக்கு மூங்கில் கட்டுவதற்குக் கயிறு வாங்கப் போனான், வெகுநேரம் கழித்து வந்தான்.

"அக்கா போன்ல பேசிக்கிட்டேதான வந்துச்சு?"

"ஆமா."

"உங்ககிட்டதான?"

"ஆமா."

தூரத்தில் ரயிலின் ஊதல் கேட்டது. நடைமேடையில் உட்கார்ந்திருந்தவர்கள் மூட்டைகளோடு எழுந்தார்கள். மோகன் ஒரு அடி கிட்டே வந்தான். கார்த்திகேசன் முதல்முறையாக அவன் கையை விட்டுவிட்டு நெற்றியைப் பார்த்தான்.

"கடைசியா என்ன சொல்லுச்சு?"

மோகனின் உள்ளங்கையில் போன் அதிர்ந்தது. திரையில் ரமேஷ்குமார் என்று வந்தது. மோகன் குனிந்து பார்த்தான். எடுக்கவில்லை. ரயில் வளைவில் தெரிந்தது, போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"மொதல்ல நீங்க சொல்லுங்க மாமா."

அன்றைக்கு மாடியில், பால்கனிக் கம்பியில் சாய்ந்து, போனைக் காதில் வைத்தபடி, எதிர்ச்சாரியில் வண்டி ஓரங்கட்டுவதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். ஜன்னலுக்குள்ளிருந்து அவளும் அவனைப் பார்த்துவிட்டாள். இரு, வர்றேன், பையை வாங்கிக்கிறேன் என்று சொல்லி அவன் ஒரு காலில் செருப்பை மாட்டியிருந்தான். அதற்கு அவள் சொன்னது இதுதான்:

"பை ஒண்ணும் கனமில்ல. நீங்க எறங்கி வராதீங்க, நானே வந்துர்றேன்."